டொக்டரிடம் சொல்லிவிட்டேன்

1

காலை ஆறு பத்துக்குத் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஓர் இலையானைக் கண்டேன். சாதாரண ஈதானே என்று கையால் விசுக்கினேன். போகவில்லை. பார்வையை யன்னலுக்குத் திருப்பினேன். இலையானும் யன்னலுக்கு வந்தது. சுவரைப் பார்த்தேன், சுவரில் இருந்தது. அது ஜனவரி மாதம். ஹவுன்ஸ்லோவில் ஜனவரிக் குளிரில் இலையான் இல்லை.

மனைவி ராஜி விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். அதிகாலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்தான். வலக்கண்ணைப் பொத்தினேன், இலையான் மறைந்தது. இடக்கண்ணைப் பொத்தினேன், பல தெரிந்தன. நடுவில் பெரிதாக ஒன்று, அதைச் சுற்றி மிளகுத்தூள் தூவியது போல் சிறியவை.

கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்று நாங்கள் சொல்வோம். பசிக்கும் சொல்வோம், மயக்கத்துக்கும் சொல்வோம். முதல் நாள் இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, பூச்சி போகும் என்று கதிரையில் இருந்தேன். போகவில்லை. வலக்கண்ணின் ஓரத்தில், மூக்குப் பக்கமாகக் கீழே, ஒரு நிழல் வந்து நின்றது. யாரோ என் கன்னத்தருகே விரலைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

என் இடக்கண் சிறுவயதிலிருந்தே பலவீனமானது. பெரிய எழுத்துகளை மட்டும் காட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியின் செய்தி மேசையில் பதினொரு வருடம் இருந்தேன். இங்கே சரக்குக் கிடங்கில் பெட்டிகளின் விலாசச் சீட்டுகளை வாசிக்கிறேன். இரண்டு தொழிலையும் செய்தது வலக்கண். அதில்தான் இப்போது நிழல் விழுந்திருந்தது.

ராஜியைப் பயப்படுத்த விரும்பவில்லை. நகரத்தின் மறு கோடியில் லூயிஷாமில் சிநேகிதிகளோடு அறை எடுத்திருக்கும் மகள் அபிராவுக்கு மட்டும் அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் அவளை அழைத்தால் எடுக்க மாட்டாள். எழுதினால் பதில் வரும். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எழுதிவிட்டு ரயிலேறினேன்.

2

நகரத்தின் நடுவில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கண் அவசரப் பிரிவு அது. பெயர் இங்கே தேவையில்லை. என்னுடைய ஆங்கிலம் வாசிக்கும் ஆங்கிலம். பேசும்போது தமிழில் நினைத்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்ன பிரச்சினை என்று கேட்டார். என் கண்ணுக்குள் ஒரு பூச்சி பறக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஐயோ பாவம். இன்னும் உள்ளேயா இருக்கிறது?”

“ஆம். இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.”

அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. பூச்சி என்றே பதிந்தார். அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழை இல்லாமல் பதிகிறாரா என்பதுதான் என் ஒரே கவலை. அது சரியான சொல் என்று முழுமையாக நம்பினேன்.

முதலில் என்னை அழைத்தவர் ஊதாச் சீருடை அணிந்த ஒரு பெண். நடுத்தர வயது, கழுத்தில் அடையாள அட்டை. தனி அறையில் இருத்தி, சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வலக்கண் நன்றாக வாசிக்கிறது என்றார். தனி அறை, எழுத்துப் பலகை, கண்ணைப் பற்றிய கேள்விகள். இவர் டொக்டர் என்று முடிவு செய்தேன்.

“இந்தப் பக்கம் ஒரு நிழல் இருக்கிறது, டொக்டர்” என்று மூக்குப் பக்கத்தைக் காட்டினேன்.

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். யன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, மேசை விளக்கை அப்பால் திருப்பினார்.

“இப்போது பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். நமக்காக எழுந்து போய் ஒரு காரியம் செய்தவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. டொக்டர் கேட்டுக்கொண்டார்.

அடுத்தவர் கருநீலச் சீருடையில் இருந்தார். இமையைப் புரட்டிப் பார்த்தார். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் தேடினார். கண்ணைக் கழுவினார். மிகக் கவனமாக, அவசரமே இல்லாமல் செய்தார்.

“நல்ல செய்தி. பூச்சி எதுவும் இல்லை. உறுத்தலுக்கு மருந்து தருகிறேன். வேறு ஏதாவது உண்டா?”

“இல்லை, டொக்டர்.”

“நான் டொக்டர் இல்லை, தாதி” என்று சிரித்தார்.

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். சின்னச் சின்னக் குழாய்களில் இருந்த கண் மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நிழல் என்னோடு வந்தது. காலையில் விரல் அளவாக இருந்தது, இப்போது இரண்டு விரல் இருக்கும்.

3

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கண் டொக்டர் என்றால் ஒருவர். அவரே எழுத்தை வாசிக்க வைப்பார், அவரே மருந்து விடுவார், அவரே கண்ணாடி எழுதித் தருவார், கத்தி வைப்பவரும் அவரே. பக்கத்தில் நிற்பவர்கள் கதவு திறக்கவும் பெயர் கூப்பிடவும். இங்கே அந்த ஒரு மனிதரை எட்டாகப் பிரித்து, எட்டு அறைகளில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஒரு பட்டம், ஓர் எல்லை. யாரும் மற்றவரின் எல்லைக்குள் வருவதில்லை.

எனக்கு இது புதிய விஷயம் அல்ல என்பதுதான் கொடுமை. பத்திரிகைக் கந்தோரும் அப்படித்தான். செய்தி எடுப்பவர் வேறு, திருத்துபவர் வேறு, பிழை பார்ப்பவர் வேறு, பக்கம் கட்டுபவர் வேறு. ஆனால் வெளியிலிருந்து வருபவர்களுக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்: எடிற்றர். அச்சகத்தில் மை பூசிக்கொண்டிருப்பவரிடம் வந்து, ‘எடிற்றர் ஐயா, எங்கட றோட்டிலை மூன்று நாளாய்த் தண்ணி இல்லை’ என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகப் போய்விடுவார்கள். அடுத்த நாள் பேப்பரில் தேடுவார்கள். சொன்னவர் சொல்லிவிட்டார். கேட்டவர் தலையாட்டிவிட்டார். செய்தி மட்டும் மேசைக்கு வராது.

அப்படி வந்தவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம்.

4

அபிரா ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பில் என்னைப் பிடித்தாள். இரண்டு ரயில் மாறி, தலைமயிர் கட்டாமல் வந்திருந்தாள்.

“அப்பா! ஏன் வெளியில நிக்கிறீங்க?”

“பாத்து முடிஞ்சுது. பூச்சி ஒண்டும் இல்லையாம்.”

“வாட் பூச்சி?”

“கண்ணுக்கை பறக்கிற பூச்சி, பிள்ளை.”

என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

“நான் ஒண்டும் காணேல்ல. ரியல் இன்செக்டா?”

“உள்ளுக்கை பறக்குது. நான் பாக்கிற இடமெல்லாம் வருது.”

“அவையளிட்ட என்ன சொன்னீங்க? இன்செக்ட் எண்டா சொன்னீங்க?”

“பூச்சி எண்டால் இன்செக்ட்தானே? வேறை என்ன சொல்லுறது?”

அவளுக்கு அந்தச் சொல் வழக்கு தெரியாது. நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் யாருக்கும் பூச்சி பறக்கும் அளவுக்குப் பசி இருந்ததில்லை. கைபேசியை எடுத்துத் தாயை அழைத்தாள். எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம்.

“என்ன பிள்ளை, பிரேக்கிலை நிக்கிறன். கெதியாச் சொல்லு.”

“அம்மா, அப்பாக்குக் கண்ணுக்க பூச்சி பறக்குதாம். அப்பிடி எண்டா என்ன?”

ராஜியின் குரல் மாறி வந்தது.

“கறுப்புப் புள்ளியோ? எங்கை அந்த மனிசன்?”

“இஞ்சதான் நிக்கிறார்.”

“இஞ்சருங்கோ! மின்னல் மாதிரி ஏதும் அடிச்சதே?”

“ராத்திரி ஓரத்திலை வெளிச்சம் வந்து வந்து போனது. பிளேன் எண்டு நினைச்சன்.”

எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். கண்ணுக்குள் வரும் மின்னலை விமானத்தின் விளக்கு என்று நினைப்பது ஹவுன்ஸ்லோவில் நடக்கக்கூடிய தவறு.

“எங்கட வேலையிலை சறோக்காவுக்கு இப்பிடித்தான் வந்தது. நாளைக்குப் பாப்பம் எண்டு வீட்டை போய்ப் படுத்தவா, விடிய அந்தக் கண் தெரியேல்லை. நிழல் ஏதும் தெரியுதே?”

“ஓம். மூக்குப் பக்கம். அதை நான் டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன்.”

“எந்த டொக்டர்?” என்று அபிரா கேட்டாள்.

“முதல் அறையிலை இருந்தவ. ஊதா உடுப்பு.”

“அப்பா, ஊதா உடுப்பு டொக்டர் இல்ல. எழுத்துப் பாக்கிறவ. மற்ற ஆள்?”

“கருநீலம். தான் டொக்டர் இல்லையெண்டு அவவே சொன்னவ.”

“அப்ப டொக்டரை நீங்க பாக்கவே இல்ல.”

கைபேசிக்குள் இருந்து ராஜி கத்தினாள்: “ஆயிரம் பேரைப் பேட்டி எடுத்த மனிசனுக்கு, நீங்கள் ஆர் எண்டு ஒரு கேள்வி கேக்கத் தெரியேல்லையே! பிள்ளை, அந்தாளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போ. ஓடு!”

அபிரா என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நடக்கும்போது கைபேசியில் எதையோ தேடி வாசித்தாள். வாசித்து முடித்த பின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் நானும் நடையை எட்டிப் போட்டேன்.

5

அதே வரவேற்பு மேசை, அதே பெண். அபிரா ஆங்கிலத்தில் மூன்று சொல் சொன்னாள்: மிதப்பவை, மின்னல், நிழல். நாங்கள் பறக்கிறது என்பதை இவர்கள் மிதக்கிறது என்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து இரக்கம் போய் அவசரம் வந்தது. இரக்கம் இருந்தவரை நான் பயப்படவில்லை.

உடனே கண்மணியை விரிக்கும் மருந்தை இரண்டு கண்ணிலும் விட்டார்கள். சிறிது நேரத்தில் எழுத்துகள் கரைந்தன. அடையாள அட்டைகளை வாசிக்க முடியவில்லை. நிறங்கள் மட்டும் மிஞ்சின. வருகிறவர்கள் எல்லோரும் குரலும் நிறமுமாக வந்தார்கள். இந்த முறை நான் எதையும் ஊகிக்கவில்லை. அபிரா என் காதருகே அட்டைகளை வாசித்தாள்.

“இவர் போட்டோ எடுக்கிறவர். கண்ணுக்குப் பின்பக்கம் படம் எடுப்பார். ரிசல்ட் சொல்ல மாட்டார், கேக்காதீங்க.”

கேட்டேன். தான் சொல்லக் கூடாது என்றார். படத்தைப் பார்த்த பின் தன் குரலை அவர் தாழ்த்தியதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மறுபடி விறாந்தையில் இருத்தினார்கள். பச்சைச் சட்டை அணிந்த ஒருவர், பேனா முனையில் ஒரு பொம்மைக் கரடியை மாட்டிக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளையை எங்களைக் கடந்து கூட்டிக்கொண்டு போனார். மாறுகண்ணும் சோம்பல் கண்ணும் பார்ப்பவர் என்றாள் அபிரா. நோயாளிகளில் பெரும்பாலோர் சிறுவர்கள். நல்ல கண்ணை மூடிக் கட்டி, பலவீனமான கண்ணை வேலை செய்ய வைப்பார்களாம். ஏழு வயதுக்கு முன் செய்தால் பெரும்பாலும் சரிவரும். என் இடக்கண்ணை ஏழு வயதுக்கு முன் யாரும் பார்க்கவில்லை.

அபிரா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு பெண் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். சீருடை இல்லை, சாதாரண உடுப்பு. மென்மையான குரல்.

“பயப்படாதீர்கள். வீட்டில் உங்களோடு யாராவது இருக்கிறார்களா?”

“ஆம்.”

“நல்லது. பார்வை போய்க்கொண்டிருப்பவர்களுக்கு உதவி செய்வதுதான் என் வேலை. கவுன்சிலில் பதிவது, பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணம், வெள்ளைப் பிரம்பு, வீட்டுக்குள் நடக்கப் பழகுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.”

படத்தில் முடிவு தெரிந்துவிட்டது, அதைச் சொல்லும் வேலை இவருடையது என்று புரிந்துகொண்டேன். டொக்டர் கூட வரவில்லை. இதற்கென்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். கிடங்கின் விலாசச் சீட்டுகள் நினைவுக்கு வரவில்லை. வீட்டுப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. எத்தனை படி என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக ஏறி இறங்குகிறேன், எண்ணியதில்லை.

பிறகு ராஜி சொன்னது ஞாபகம் வந்தது. கேட்டேன்.

“நீங்கள் யார்? யாரைத் தேடி வந்தீர்கள்?”

அவர் ஒரு பெயர் சொன்னார். என்னுடையது அல்ல. எனக்கு அடுத்த கதிரையில் இருந்து கழிவறைக்குப் போயிருந்த ஒரு வயதானவருடையது. அந்தப் பெண் பலமுறை மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். அபிரா கொண்டுவந்த தண்ணீரை மடியில் ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த அறையில் இருந்தவர் ஒப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடிக் கடையில் இருப்பவர்களின் படிப்பு, அதற்கு மேல் இங்கே பயிற்சி, டொக்டர் அல்ல. என் நாடியைக் கருவியில் வைத்து, மேலே பார், கீழே பார், இடம், வலம் என்றார். வலம் மேலே பார்க்கச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். மறுபடியும் அங்கே பார்க்கச் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

அவர் எழுந்து போனதுதான் எனக்குக் கிடைத்த முதல் செய்தி.

அவரோடு ஓர் இளம் பெண் வந்தார். சாதாரண உடுப்பு, சட்டைக் கைகள் முழங்கை வரை மடிக்கப்பட்டிருந்தன. இருக்கும் முன்பே கேட்டேன்.

“நீங்கள் டொக்டரா?”

“ஆம், நான்தான் டொக்டர்.”

சொன்னேன். இலையான், மிளகுத்தூள், மின்னல், நிழல், நிழல் எப்போது விரலளவு, எப்போது இரண்டு விரலளவு, எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னேன். அவர் இடைமறிக்கவில்லை. ஒரு சின்னக் கருவியால் கண்ணை அழுத்திப் பார்த்தார். வலித்தது.

விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டிருக்கிறது என்றார். சுவரில் ஒட்டிய கடதாசி மேல் மூலையிலிருந்து உரிவது போல. நடுப்பகுதிதான் வாசிக்கும் இடம். அது இன்னும் ஒட்டியிருக்கிறது. நாளைக் காலை முதல் ஆளாக சத்திரசிகிச்சை. அதுவரை சொன்ன பக்கமாகத் தலையை வைத்துப் படுக்க வேண்டும்.

‘இன்னும்’ என்ற சொல்லைச் செய்தி மேசையில் நான் பலரின் எழுத்திலிருந்து வெட்டியிருக்கிறேன். காரணமில்லாமல் போடக் கூடாத சொல் அது. அவர் காரணத்தோடுதான் போட்டார்.

“காலையில் வந்திருந்தேன்” என்றேன்.

“தெரியும்” என்றார். திரையில் இருந்த காலைப் பதிவை அபிரா எனக்குக் கேட்கும்படி வாசித்தாள். பூச்சி காணப்படவில்லை என்று இருந்தது.

6

சத்திரசிகிச்சை செய்பவர் வேறொருவர். நரைத்த தாடி, குறைந்த பேச்சு. காலையில் கண்ணைப் பார்த்துவிட்டு, நடுப்பகுதியின் எல்லை வரை வந்துவிட்டது என்றார். எல்லையைத் தாண்டிவிட்டதா என்று கேட்டேன். திறந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்றார்.

கண்ணை மட்டும் விறைக்க வைக்கும் ஊசியைப் போட்டவர் இன்னொருவர். முகத்தின் மேல் துணி போட்டார்கள். அதற்குக் கீழே இருட்டும், மூச்சுக் காற்றும், நானும். அப்போது என் கையை யாரோ பிடித்தார்கள்.

“என் பெயர் கிரேஸ். உங்கள் கையைப் பிடித்திருப்பது என் வேலை. நீங்கள் பேசக் கூடாது, அசையக் கூடாது. ஏதாவது என்றால் கையை அழுத்துங்கள். நான் அவருக்குச் சொல்வேன்.”

இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பயத்தைத் தள்ளிவைக்க அது உதவியது. பாதியில் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி வந்தது. அழுத்தினேன்.

“டொக்டர், நிறுத்துங்கள்” என்றார் கிரேஸ்.

நிறுத்தினார்.

விழித்திரையை ஒட்ட வைக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டார்கள். ஒரு கிழமை, ஏழு நாளும், முகத்தைக் குப்புற வைத்துக்கொண்டு இருந்தேன். கண்டது நிலம், ராஜியின் கால்கள், அபிராவின் காலுறைகள். அபிரா அந்தக் கிழமை முழுவதும் எங்களோடு இருந்தாள். பின்பு லூயிஷாமுக்குத் திரும்பிப் போனாள். இப்போது காலையில் அவளாகவே அழைக்கிறாள்.

“அப்பா, பூச்சி எப்பிடி?”

“கிடக்குது. பறக்கேல்லை.”

“குட். வேறை ஆரிட்டயாவது இன்செக்ட் எண்டு சொல்லிப்போடாதீங்க.”

பின்னால் அவளுடைய சிநேகிதிகள் சிரிப்பது கேட்கும். அந்தக் கதை லூயிஷாமில் எல்லோருக்கும் தெரியும்.

கிடங்கில் எனக்கு விடுப்பு முடிய இன்னும் நாள் இருக்கிறது. மேற்பார்வையாளர் இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டார். அவரும் டொக்டர் அல்ல என்பதால் விபரம் சொல்லவில்லை. இந்தக் குறிப்புகளை நான் சொல்லச் சொல்ல ராஜி எழுதுகிறாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு தமிழ் எழுதுகிறாளாம். றகரமும் ரகரமும் மாறி விழும் இடங்களை என்னால் பார்க்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற கிழமை குமிழி முழுதாகக் கரைந்தது. ஹவுன்ஸ்லோவில் மரக்கறிக் கடை வாசலில் இலவசமாக வைக்கும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை ராஜி கொண்டுவந்து தந்தாள். யன்னலருகே போய், இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, வலக்கண்ணால் பார்த்தேன். தலைப்பை வாசித்தேன். அதற்குக் கீழே இருப்பது எழுத்து என்று மட்டும் தெரிகிறது.